கிராம சபைக் கூட்டம்: பேசியதும் எழுதியதும் ஒன்றாக இருக்க

தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் 2022-ல் சேர்ந்தவை. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் இவ்வளவு கேட்கவில்லை. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்பதுதான் அதன் கண்டிப்பு. ஆகவே கூட்டத்தின் எண்ணிக்கையில் குறையில்லை. கூட்டத்தில் பேசியது ஒன்றாகவும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியது வேறாகவும் இருப்பதுதான் குறை. தலைவருக்கும் செயலருக்கும் கீழே சொல்லியிருக்கும் நடைமுறை முழுக்க அந்த ஒரு குறையைக் குறிவைத்தது. பந்தலில் உட்காரும் வாக்காளரும் இதைத் தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் எழுந்து கேட்க வேண்டும் என்பது புரியும்.

ஏழு நாளுக்கு முன்

கூட்டத்தின் நாள், நேரம், இடம், கூட்டப்பொருள் ஆகிய நான்கும் ஏழு நாள் முன்னதாக ஊருக்குத் தெரிய வேண்டும். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டு ‘அறிவித்தாயிற்று’ என்பது கோப்புக்கு உதவும், கூட்டத்துக்கு உதவாது. ரேஷன் கடை, பால் சொசைட்டி, பேருந்து நிறுத்தம், பள்ளி, ஒவ்வொரு குக்கிராமத்திலும் தண்ணீர்த் தொட்டி அருகே என்று ஒட்டுங்கள். மகளிர் குழுக்களின் வாட்ஸ்அப்பில் அதே தாளின் படத்தைப் போடுங்கள். முந்தின நாள் மாலையில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சுற்றிவந்தால் போதும். தண்டோரா போடுவதை 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலரே கடிதம் எழுதி நிறுத்தச் சொல்லிவிட்டார். அதற்காக யாரையும் பறை அடிக்கக் கூப்பிடக்கூடாது.

இடத்தைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும். போன முறை தாய்க்கிராமம் என்றால் இந்த முறை ஒரு குக்கிராமம். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் வளாகங்களில் நடத்தக்கூடாது. சமுதாயக் கூடம், பள்ளி மைதானம், எல்லோரும் தயங்காமல் வந்துபோகும் பொதுத்திடல் இவை சரி. எப்போதும் ஊர்த்தெரு ஆலமரத்தடியிலேயே கூட்டம் போட்டுவிட்டு, ‘காலனிக்காரர்கள் வருவதில்லை’ என்று குறைபடும் ஊராட்சிகள் நிறைய. இடத்தை மாற்றிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

கூட்டப்பொருளில் பெரும்பகுதி மேலிடத்திலிருந்தே அச்சாகி வரும்: பொது நிதிச் செலவு, தணிக்கை அறிக்கை, குடிநீர், டெங்குத் தடுப்பு, வீட்டுத் திட்டப் பயனாளிகள், இன்னும் பல. அந்தப் பட்டியலோடு நிறுத்தாதீர்கள். உங்கள் ஊருக்கென்று மூன்று நான்கு பொருள்களை அதிலேயே எண் போட்டுச் சேர்த்து, அறிவிப்பிலும் அச்சடியுங்கள். வாக்காளர்கள் தங்கள் கோரிக்கையைக் கூட்டத்துக்கு நாலைந்து நாள் முன்னரே எழுதிக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புதல் வாங்கிக்கொள்வது நல்லது. கடைசி நிமிடத்தில் ‘இதர பொருள்’ என்ற தலைப்பில் சேரும் விஷயம் பெரும்பாலும் கூட்டம் கலையும் நேரத்தில்தான் பேச்சுக்கு வரும்.

குறைவெண்

கூட்டம் செல்வதற்கு வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச வாக்காளர் எண்ணிக்கைதான் குறைவெண். ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர். 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். இவ்வளவு வாக்காளர்கள் உட்கார்ந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர் மட்டுமே கணக்கு. அரசு ஊழியர், வெளியூர் விருந்தினர், பள்ளிப் பிள்ளைகள், பேச வந்த கட்சிப் பிரமுகர் ஆகியோரைச் சேர்த்து எண்ணக்கூடாது.

வருகைப் பதிவேட்டில்தான் முதல் தில்லுமுல்லு நடக்கும். கூட்டத்துக்கு முந்தின நாளே நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கும் ரேஷன் கடைக்கும் பதிவேட்டை எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கூட்டத்தில் நாற்பது பேர்தான் இருப்பார்கள், பதிவேட்டில் இருநூற்றுப் பத்து பேர் இருப்பார்கள். இதைத் தடுக்க வழி உண்டு. பதிவேடு பந்தல் வாசலை விட்டு நகரக்கூடாது. வாசலில் இரண்டு மேசை போட்டு, ஆண்களுக்கு ஒன்று பெண்களுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டால் நெரிசல் இராது. கைநாட்டு வைப்பவரின் பெயரையும் தெருவையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். கூட்டம் தொடங்கும்போது உட்கார்ந்திருப்பவர்களைத் தலையெண்ணி அந்த எண்ணைத் தலைவர் மைக்கில் சொல்லட்டும். செயலர் அதைத் தீர்மானப் புத்தகத்தின் முதல் வரியில், நேரத்தோடு எழுதட்டும். முடிவில் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கோடு கிழித்து, ‘மொத்தம் இத்தனை பேர், இதில் பெண்கள் இத்தனை பேர்’ என்று எழுதித் தலைவரும், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து வரும் பற்றாளரும் ஒப்பமிட வேண்டும்.

எண்ணிக்கை போதவில்லையா? அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் சேரவில்லை என்றால் ஒத்திவைத்துவிட்டு, ஒத்திவைத்ததையே புத்தகத்தில் எழுதுங்கள். ஒத்திவைத்தால் அவமானம் என்று நினைத்து நடத்தும் கூட்டத்தில் எடுத்த தீர்மானத்தை நாளை யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம்.

நாற்காலி, மைக்

தலைவர்தான் தலைமை தாங்குவார். அவர் இல்லாவிட்டால் துணைத்தலைவர், இருவரும் இல்லாவிட்டால் வார்டு உறுப்பினர் ஒருவர். பெரும்பாலான மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. அப்படிப்பட்ட ஊராட்சியிலும் மற்ற விதிகள் எதுவும் மாறுவதில்லை. ஒன்றிய அலுவலகத்திலிருந்து வரும் பற்றாளர் கூட்டத்தைப் பார்வையிட வருபவர். அவர் தலைமை தாங்கவும் கூடாது, தலைவருக்காகப் பதில் சொல்லவும் கூடாது.

தலைவரின் கணவரோ மகனோ மேடையில் உட்காருவதற்கு எந்த விதியிலும் இடமில்லை. அவர் வாக்காளர் என்றால் பந்தலில் உட்காரலாம், தன் முறை வரும்போது பேசலாம், அவ்வளவே. அதேபோல் தலைவர் யாராக இருந்தாலும் அவருக்கு நாற்காலி உண்டு. இதை எழுத வேண்டியிருக்கிறது. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியே வந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கானது. பற்றாளர் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

மைக் இரண்டு வேண்டும். ஒன்று மேடைக்கு, மற்றொன்று நீண்ட வயரோடு பந்தலுக்குள். ஒரே மைக் இருந்தால் கேள்வி கேட்பவர் மேடைக்கு வர வேண்டியிருக்கும், பெண்கள் வரமாட்டார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், ஒரு பொருளில் ஒருவர் ஒருமுறை, பேசாதவர்கள் எல்லோரும் பேசிய பிறகே இரண்டாம் முறை என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். பேச்சு தலைவரை நோக்கி இருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரரை நோக்கிப் பேச விட்டால் அடுத்த ஐந்து நிமிடத்தில் வரப்புத் தகராறு வந்து சேரும்.

பட்டா, முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டை போன்ற தனிநபர் கோரிக்கைகளுக்குப் பந்தல் ஓரத்தில் தனி மேசை போட்டு, கிராம நிர்வாக அலுவலரை அங்கே உட்கார வைத்து மனுவாக வாங்குங்கள், ஒப்புதல் சீட்டும் கொடுங்கள். இவை ஊராட்சி முடிவெடுக்கும் விஷயங்கள் அல்ல. இவற்றை மைக்கில் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தால் கணக்குக்கு நேரமே இருக்காது. சில ஊர்களில் அதற்காகவே இப்படி நடக்கவிடுவதும் உண்டு.

கணக்கு வாசிப்பு

முதல் பொருள் போன கூட்டத்துத் தீர்மானங்களின் நிலை. எண் சொல்லி, முடிந்தது, முடியவில்லை, ஏன் என்று வாசிக்க வேண்டும். இரண்டாவது வரவு செலவு. இந்த இரண்டையும் பந்தல் நிறைந்திருக்கும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வைத்துவிடுங்கள்.

‘வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இருப்பு இவ்வளவு’ என்று மூன்று எண்களை வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போவது கணக்கு வாசிப்பு ஆகாது. பொது நிதி, மின் கட்டணமும் குடிநீர்க் கட்டணமும் கட்டும் கணக்கு, திட்ட நிதி என ஒவ்வொன்றுக்கும் தொடக்க இருப்பு, வரவு, இனவாரிச் செலவு, முடிவு இருப்பு நான்கும் வர வேண்டும். அதைப் பெரிய எழுத்தில் ஃபிளெக்ஸ் அடித்துப் பந்தலில் கட்டுங்கள். கேள்வி கேட்கிறவர் எந்த வரி என்று விரல் நீட்டிக் காட்ட முடியும். செலவுச் சீட்டுகள், செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகம், வங்கிப் புத்தகம் மூன்றும் மேசை மேல் இருக்கட்டும்.

வாக்காளர்கள் பெரிய தொகையைத் துரத்துவதைவிட, தாங்களே அளந்து பார்க்கக்கூடிய சின்னச் செலவைப் பிடிப்பது பலன் தரும். பிளீச்சிங் பவுடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் லிட்டர் குடிநீருக்கு நாலு கிராம் என்பது வழக்கமான அளவு. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு 120 கிராம். நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் ஆறு மாதத்துக்குச் சுமார் 22 கிலோ. ஊரில் இப்படி மூன்று தொட்டி இருந்தால் 66 கிலோ. இருமுறை நிரப்பினால் இரட்டிப்பு. சாக்கடையில் தூவுவது தனிக்கணக்கு. சீட்டில் 600 கிலோ இருந்தால் அது எங்கே போனது என்று கேட்கலாம். சீட்டில் 20 கிலோதான் என்றால் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும், மூன்று தொட்டியில் இரண்டுக்குக் குளோரின் போடவே இல்லை என்று அர்த்தம். தெருவிளக்கு, மோட்டார் பழுது, குழாய் உடைப்பு எல்லாவற்றுக்கும் இதே வழி: எத்தனை, எந்த இடம், எந்தத் தேதி.

தணிக்கை அறிக்கையை ‘வாசித்து ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று தாண்டுவது வழக்கமாகிவிட்டது. அதை அங்கீகரிப்பது சட்டம் கிராம சபைக்குக் கொடுத்த வேலை. தடை எழுப்பப்பட்ட பத்திகளை மட்டுமாவது முழுதாக வாசியுங்கள்.

தீர்மானம் எழுதுவது

‘தெருவிளக்கு குறித்து விவாதிக்கப்பட்டு, உரிய நடவடிக்கை எடுக்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ இப்படி எழுதினால் செய்யாமல் விட்டாலும் யாரையும் கேட்க முடியாது. எழுத வேண்டிய முறை இது: ‘தீர்மானம் 7: கிழக்குத் தெருவில் பள்ளி முனையிலிருந்து ஊரணி வரை எரியாத 9 விளக்குகளைப் பொது நிதியிலிருந்து 15 நாளுக்குள் மாற்றுவது. பொறுப்பு செயலர். ஆதரவு 131, எதிர்ப்பு இல்லை.’ கூடவே முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள். எங்கே, எத்தனை, எந்த நிதி, எத்தனை நாள், யார் பொறுப்பு என்ற ஐந்தில் ஒன்று விட்டுப்போனாலும் தீர்மானம் ஓட்டைதான். ஒரு தீர்மானத்துக்கு ஒரு பொருள் போதும். சாலையையும் நூலகத்தையும் ஒன்றாகக் கட்டி எழுதினால், ஒன்றுக்கு வரும் ஆட்சேபணை மற்றதையும் நிறுத்திவிடும்.

கருத்து வேறுபாடு இருந்தால் கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள். ஆதரவை ஒருவரும் எதிர்ப்பை மற்றொரு தரப்பைச் சேர்ந்தவரும் எண்ணினால் சச்சரவு குறையும். எதிர்த்தவர் கேட்டால் அவர் பெயரையும் காரணத்தையும் எழுத வேண்டும். ஒருவர் எதிர்த்திருந்தாலும் ‘ஏகமனதாக’ என்று எழுதுவது பொய்ப் பதிவு.

டாஸ்மாக் கடை, குவாரி, ஆலைக் கழிவு போன்றவற்றில் முடிவு ஊராட்சியின் கையில் இல்லை. அதனால் தீர்மானம் போடக்கூடாது என்று செயலர் மறுத்தால் அது தவறு. ஆட்சியருக்கு அனுப்பும் கோரிக்கையாக, பாதிப்பை இடம், தூரம், கிணற்று எண்ணிக்கை சொல்லி எழுதலாம். பயனாளிப் பட்டியலில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பெயர்களை ஒவ்வொன்றாக மைக்கில் வாசித்து, ஒவ்வொரு பெயருக்கும் ஆட்சேபணை கேட்டு எழுதுங்கள். ‘பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது’ என்று விட்டுவிட்டால் இணைப்பு பிறகு மாறும்.

தீர்மானத்தை அங்கேயே, பேனாவில், பக்க எண் போட்ட புத்தகத்தில் எழுதுங்கள். குறிப்பு எடுத்துவைத்துவிட்டு அலுவலகத்தில் போய் எழுதுவதுதான் எல்லாச் சிக்கலுக்கும் தொடக்கம். வரிக்கு வரி இடைவெளி விடக்கூடாது. பக்கத்தில் மிச்சமிருக்கும் இடத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடைக்க வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் தலைவரின் சுருக்கொப்பம் வேண்டும். எல்லாம் எழுதி முடித்ததும் முதல் தீர்மானத்திலிருந்து கடைசிவரை உரக்க வாசிக்க வேண்டும், பிறகுதான் தலைவர் கையெழுத்து. கூட்டம் கலைந்த பிறகு வாசித்துப் பயனில்லை, ஆகவே நன்றியுரைக்கு முன் வாசிப்பு. கையெழுத்தான பக்கங்களை யார் வேண்டுமானாலும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளட்டும். ஒளிவுமறைவு இல்லாத ஊராட்சிக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை.

அதன் பிறகு

தீர்மான நகலை ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பி, ஒன்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மற்ற துறைகள் செய்ய வேண்டியவற்றை அந்தந்த அலுவலகத்துக்குத் தனித்தனிக் கடிதமாக அனுப்பி, அனுப்பிய தேதியை அதே தீர்மானத்தின் ஓரத்தில் குறித்து வையுங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளுக்கு அந்த ஓரக்குறிப்புதான் ஆதாரம்.

வாக்காளர் நகல் கேட்டும் தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். பக்கத்துக்கு 2 ரூபாய். ‘கிராம சபைத் தீர்மானங்களைத் தரவும்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், தேதியைக் குறிப்பிட்டுத் தீர்மானப் புத்தகப் பக்கங்கள், வருகைப் பதிவேட்டுப் பக்கங்கள் இரண்டையும் கேளுங்கள். பேசாதது எழுதப்பட்டிருந்தாலோ, பேசியது விடுபட்டிருந்தாலோ, கூட்டத்தில் இருந்தவர்கள் கையெழுத்திட்ட மனுவோடும் படங்களோடும் மாவட்ட ஆட்சியரிடம் போகலாம். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மனுவைக் கொடுத்து எண் வாங்கிக்கொண்டு, அந்த எண்ணை அடுத்த கிராம சபையின் கூட்டப்பொருளில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.