கிரிட்டாவில் தெரு வரைய: வானிஷிங் பாயின்ட் வைப்பது எப்படி?

பெங்களூர் அல்சூர் பஜார் தெருவை நடுவில் நின்று பார்ப்பதுபோல வரைகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரிட்டா இலவச ஓவிய மென்பொருள். ஃபோட்டோஷாப் கையில் இருந்தாலும் இந்த வேலைக்கு நான் கிரிட்டாவைத்தான் சொல்வேன். நாம் போடும் கோட்டையே பிடித்து வானிஷிங் பாயின்ட்டை, அதாவது தூரம் போகும் இணைகோடுகள் ஒன்றுசேர்வதுபோலத் தெரியும் புள்ளியை, நோக்கித் திருப்பிவிடும்.

முதலில் தனி லேயரில் கண்மட்டக் கோடு. பிறகு வழிகாட்டிகளை (அசிஸ்டென்ட்) வைக்கும் அசிஸ்டென்ட் டூலை எடுத்து, டூல் ஆப்ஷன்ஸில் ‘வானிஷிங் பாயின்ட்’ வகையைத் தேர்ந்து, அந்தக் கோட்டின் மேல் ஒரு கிளிக்.

இப்போது பிரஷ்ஷால் இழுத்தால் கோடு ஒட்டாது. முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒட்டவைக்கும் அமைப்பு அசிஸ்டென்ட் டூலில் இல்லை. ஃப்ரீஹேண்ட் பிரஷ்ஷைத் தேர்ந்தெடுத்தபின் அதன் டூல் ஆப்ஷன்ஸைப் பாருங்கள். அங்கே ‘ஸ்னாப் டு அசிஸ்டென்ட்ஸ்’ டிக் செய்து, மேக்னடிசத்தை முழுக்க ஏற்றுங்கள். அந்தப் பலகமே காணோமென்றால் செட்டிங்ஸ், டாக்கர்ஸ் வழியாக வரவழைக்கலாம்.

முச்சந்திக் கட்டடத்துக்கு இரண்டு புள்ளிகள் வேண்டும். இரண்டையும் தாளுக்குள்ளேயே நெருக்கி வைத்தால் கட்டட மூலை கத்தி முனைபோலக் கூர்ந்துவிடும். ஜூம் அவுட் செய்து கேன்வாஸுக்கு வெளியே கிளிக் செய்யுங்கள், தாராளமாக ஏற்கும். கூடவே ‘ஸ்னாப் சிங்கிள்’ போட்டுவிடுங்கள்; இல்லாவிட்டால் பாதிக் கோட்டில் பிரஷ் அடுத்த புள்ளிக்குத் தாவும்.

பெங்களூரில் மேடுபள்ளம் அதிகம், அதனால் இதையும் கவனியுங்கள். ஏறுமுகமான தெருவில் சாலை ஓரங்கள் கண்மட்டத்தில் சேராது, அதே புள்ளிக்கு நேர் மேலே சேரும். இறக்கத்தில் நேர் கீழே. ஆனால் கடைப் பலகைகளை மட்டம் பார்த்துத்தான் மாட்டியிருப்பார்கள், அவை பழைய புள்ளிக்கே போகும். சாலைக்கென்று தனியாக இன்னொரு அசிஸ்டென்ட் வைத்து, ஒன்றை வரையும்போது மற்றதை அணைத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே புள்ளிக்கு இழுத்தால் தெரு தட்டையாகிவிடும்.

பலகை எழுத்தைக் கோணலாக எழுத முயல வேண்டாம். நேராக எழுதி, பெயின்ட் லேயராக மாற்றி, டிரான்ஸ்ஃபார்ம் டூலின் பெர்ஸ்பெக்டிவ் முறையில் நான்கு மூலைகளையும் பலகையில் பொருத்துங்கள். கர்நாடகத்தின் 2024 சட்டத் திருத்தப்படி கடைப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்கவேண்டும், எழுதுமுன்பே அதற்கு இடம் ஒதுக்குங்கள்.

பிறகு சேர்த்தது: போட்டோ மேல் வரைபவர்களுக்குப் புள்ளிகள் ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் போனின் 0.5 (அகலக் கோண) லென்ஸ். ஓரங்களில் நேர்க்கோடுகளை வளைத்துவிடும், 1 வைத்து எடுங்கள். கோப்பை கிரிட்டாவின் சொந்த வடிவமான கேஆர்ஏ-விலேயே சேமியுங்கள். பிஎன்ஜி ஆக்கினால் அசிஸ்டென்ட்கள் அதில் இருக்காது.