நுரையீரல் புற்று: ‘இணைவு இல்லை’ என்ற அறிக்கையை எப்படி வாசிப்பது?

நுரையீரல் அடினோகார்சினோமாவில் (சுரப்பிச் செல்களில் எழும் புற்று) ஈஜிஎஃப்ஆர், கேராஸ் ஆகிய இரு மரபணுக்களிலும் மாற்றம் இல்லை, மரபணு இணைவும் (இரு மரபணுக்கள் முறிந்து ஒன்றோடொன்று ஒட்டுவது) இல்லை என்று அறிக்கை வந்தால், சோதனை டிஎன்ஏவில் நடந்ததா ஆர்என்ஏவிலா என்று முதலில் பாருங்கள். இணைவின் முறிவு பெரும்பாலும் இன்ட்ரானுக்குள் (மரபணுவில் புரதமாகாத இடைப்பகுதி) விழும். என்டிஆர்கே3, என்ஆர்ஜி1 போன்ற மரபணுக்களில் இன்ட்ரான்கள் மிக நீளம். டிஎன்ஏ பேனல்கள் (பல மரபணுக்களை ஒருங்கே பார்க்கும் சோதனைகள்) அவற்றை முழுதாக வாசிப்பதில்லை. ஆர்என்ஏவில் இன்ட்ரான் நீங்கி எக்ஸான்கள் (புரதத்துக்கான பகுதிகள்) நேராக ஒட்டியிருப்பதால் இணைவு பிடிபடும். புகைப் பழக்கமில்லாதவர், இளவயதினர், மியூசினஸ் (சளி போன்ற பொருள் சுரக்கும்) வகைக் கட்டி என்றால் ஆர்என்ஏ சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் ஆர்என்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும். பயாப்ஸித் துண்டை உடனே 10% நடுநிலை ஃபார்மலினில் போட்டு, 6 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். எலும்பிலிருந்து எடுத்த துண்டில் சுண்ணாம்பை அமிலத்தால் நீக்கினால் ஆர்என்ஏ பாழ், இடிடிஏ (மென்மையான சுண்ணாம்பு நீக்கி) போதும். பிளாக்கை (மெழுகில் பதித்த திசு) ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாக வெட்டினால் ஒவ்வொரு முறையும் திசு வீணாகும். தேவையான சீவல்களை ஒரே தடவையில் வெட்டி வையுங்கள். ஆர்என்ஏ தரம் தேறவில்லை என்றால் அது ‘தோல்வி’. ‘இல்லை’ என்று எழுதக் கூடாது. ரத்தத்தில் செய்யும் சோதனையும் அப்படித்தான்: கண்டால் நம்பலாம், காணாவிட்டால் திசுவுக்குத் திரும்ப வேண்டும்.

ஏஎல்கே மரபணு இணைவுக்கு டி5எஃப்3 சாயச் சோதனையை (அந்தப் புரதத்தைச் சாயத்தால் காட்டுவது) நம்பியே மருந்து தொடங்கலாம். ராஸ்1 மரபணு இணைவுக்கான சாயம் வெறும் சல்லடை, முதற்கட்டத் தேடல்தான். ஃபிஷ்ஷிலோ (மரபணு முறிவை ஒளிரும் குறிகளால் காட்டும் சோதனை) ஆர்என்ஏவிலோ உறுதி செய்தாக வேண்டும்.

முடிவு வரும்வரை நோயாளியால் காத்திருக்க முடியாது என்றால் கீமோவை மட்டும் தொடங்குங்கள், இம்யூனோதெரபியை (நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் சிகிச்சை) தள்ளிவையுங்கள். அவசரத்தில் அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிசகு. ஏஎல்கே, ரெட் மரபணு இணைவுகளில் இம்யூனோதெரபியால் பலன் குறைவு. அதையடுத்து உடனே, இணைவைக் குறிவைக்கும் மருந்துகளில் கிரிசோடினிப் கொடுத்தால் கல்லீரல் பாதிப்பும், செல்பர்காடினிப் கொடுத்தால் ஒவ்வாமையும் கூடுகிறது.

ரெட் இணைவுக்கு செல்பர்காடினிப்: 50 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவருக்கு 160 மி.கி., அதற்குக் கீழே 120 மி.கி., தினம் இருவேளை. ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை எடுப்பவர் இதை உணவுடன் விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. முதல் 3 மாதம் 2 வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் நொதிகளைப் பாருங்கள். ரத்த அழுத்தத்தையும் ஈசிஜியில் க்யூடி இடைவெளியையும் (இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மின்னளவில் மீள எடுக்கும் நேரம்) விட்டுவிட வேண்டாம். என்டிஆர்கேவுக்கு லாரோட்ரெக்டினிப் 100 மி.கி. இருவேளை. என்ஆர்ஜி1க்கு ஜெனோகுடுஸுமாப் 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, முந்தைய சிகிச்சைக்குப் பிறகும் நோய் முற்றியவர்களுக்கு.

ராஸ்1க்கு கிரிசோடினிப், என்ட்ரெக்டினிப், ரெபோட்ரெக்டினிப் உண்டு. மூளையில் பரவியிருந்தால் கிரிசோடினிப் வேண்டாம், அது அங்கே போதிய அளவு சேர்வதில்லை. மருந்தை மீறிக் கட்டி வளர்ந்தால் மறுபடி பயாப்ஸி எடுங்கள். ராஸ்1இல் ஜி2032ஆர் மாற்றம் (மருந்துக்கு எதிர்ப்பு தரும் மாற்றம்) தெரிந்தால் லோர்லாடினிப் என்ற மருந்து பெரிதாகக் கைகொடுக்காது. ரெபோட்ரெக்டினிப் வேலை செய்யும்.