62 சமையல் வீடியோவை மொத்தமாக எழுத்தாக்குவது எப்படி? (கமாண்ட் எதுவும் அடிக்காமல்)

சித்தி நாலு வருஷமாக யூடியூபில் சமையல் வீடியோ போடுகிறார். மொத்தம் 62. போன தீபாவளிக்கு வந்தவர், "டேய், இதையெல்லாம் எழுத்தா எடுத்துக் குடுடா, புஸ்தகமாப் போடணும். நீ கம்ப்யூட்டர்தானே படிச்சே?" என்றார். ஒன்றை மட்டும் கேட்டுக் கேட்டு டைப் அடித்துப் பார்த்தேன். பத்து நிமிஷ வீடியோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. அதோடு 62-ஐயும் மெஷினிடம் விட்டுவிட்டேன்.

தேவை ஒரு விண்டோஸ் லேப்டாப், சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள், அதற்குள் ஓடும் விஸ்பர். விஸ்பர் என்பது ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்ட, பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் ஏஐ மாடல். 6,80,000 மணி நேர ஒலியைக் கேட்டுப் பழகியது, தமிழும் அதில் அடக்கம். முதலில் மாடலை இறக்க மட்டும் இன்டர்நெட் வேண்டும். அதன்பிறகு எல்லாம் உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே நடக்கும்.

1. வீடியோக்களை ஒரே ஃபோல்டரில் சேர்த்தல்

சொந்த சேனல் என்றால் ஒவ்வொன்றாக இறக்க வேண்டாம். கூகுள் டேக்அவுட் (நம் கூகுள் கணக்கில் இருப்பதை மொத்தமாக இறக்கித் தரும் சேவை) பக்கத்துக்குப் போய், முதலில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு யூடியூபை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதற்குள்ளும் வீடியோக்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்திலோ மறுநாளோ ஜிப் கோப்புகளுக்கான லிங்க் மெயிலில் வரும். அது சில நாளில் காலாவதியாகிவிடும், ஆறப்போடாதீர்கள். சேனல் பிராண்ட் அக்கவுண்டில் (சொந்தப் பெயரில் இல்லாமல் சேனலுக்கென்று தனியாக இருக்கும் கணக்கு) இருந்தால், அந்த அக்கவுண்டுக்கு மாறிய பிறகுதான் டேக்அவுட் போக வேண்டும். சித்தியின் ஜிமெயிலிலேயே தேடிக்கொண்டு நான் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்தேன்.

அடுத்தவர் வீடியோ என்றால் அவரிடம் கேட்டு ஃபைலை வாங்குங்கள். யூடியூப் விதிப்படி அனுமதியில்லாமல் இறக்கக் கூடாது.

ஃபைல்கள் வந்ததும் பெயர்ப் பட்டியல் ஒன்று எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் செலக்ட் செய்து, ஷிஃப்டை அழுத்தியபடி ரைட் கிளிக் செய்தால் 'காப்பி ஆஸ் பாத்' வரும். அதை எக்செலில் பேஸ்ட் செய்தால் பட்டியல் தயார். முடித்தது எது, சரிபார்த்தது எது என்று பக்கத்துக் கட்டத்தில் குறித்துக்கொள்ளலாம்.

2. ஒன்றே ஒன்றை மட்டும் ஓட்டிப் பார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். நானும் தாண்டினேன். ராத்திரி 62-ஐயும் கொடுத்துவிட்டுத் தூங்கி, காலையில் எழுந்து பார்த்தால் அதுவரை முடிந்த அத்தனையும் ஆங்கிலம்! 'டிரான்ஸ்லேட் டு இங்கிலீஷ்' என்ற டிக்கை நானே போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகவே சப்டைட்டில் எடிட்டில் ஒரு வீடியோவைத் திறங்கள். 'வீடியோ' மெனுவில் 'ஆடியோ டு டெக்ஸ்ட்' என்று விஸ்பருக்கான வரி இருக்கும். முதல் தடவை எஃப்எஃப்எம்பெக் (வீடியோவிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் கருவி), விஸ்பர் எஞ்சின் இரண்டையும் இறக்கவா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். வரும் ஜன்னலில் கவனிக்க வேண்டியது மூன்று.

மொழியைத் தமிழ் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால், ஆரம்பத்தில் மியூசிக் மட்டும் ஓடும் வீடியோவை வேறு ஏதாவது மொழி என்று நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

மாடலில் டைனி, பேஸ், ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று வரிசையாக இருக்கும். ஆங்கிலத்துக்குச் சின்னதே போதும். தமிழுக்கு அதெல்லாம் தேறாது. லார்ஜ் வி3 எடுங்கள், கிட்டத்தட்ட 3 ஜிபி. லேப்டாப் திணறினால் மீடியம்.

மூன்றாவது, என் ராத்திரியைக் காவு வாங்கிய அந்த டிக். காலியாக இருக்கட்டும்.

ஓடும்போது கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிஷ வீடியோவுக்கு 25 நிமிஷம் பிடிக்கிறது என்றால், அதே நீளத்தில் 62 வீடியோவுக்கு 1,550 நிமிஷம், ஏறக்குறைய 26 மணி நேரம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் இது வெகுவாகக் குறையும்.

3. மொத்தமாக ஓட்டுதல்

அதே ஜன்னலில் 'பேட்ச் மோட்' பட்டனை அழுத்தி, எல்லா வீடியோவையும் சேர்த்து ஓட்டுங்கள். அதற்கு முன் பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்கிவிடுங்கள். சார்ஜர் செருகியிருக்கட்டும். லேப்டாப்பை மெத்தைமேல் வைக்காதீர்கள், நெருப்பாகக் கொதிக்கும். ஒவ்வொரு வீடியோ முடிந்ததும் அதன் பக்கத்திலேயே ஒரு எஸ்ஆர்டி ஃபைல் (நேரக் குறிப்போடு வசனம் இருக்கும் சப்டைட்டில் ஃபைல்) வந்து உட்காரும்.

4. திருத்தம்

நிஜமான வேலை இங்கேதான். முதல் நாலைந்து ஃபைலை மட்டும் வீடியோவோடு ஒப்பிட்டு ஒழுங்காகப் படியுங்கள். ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருவது தெரியும். எனக்கு வந்ததெல்லாம் ல, ள, ழ குழப்பம்: குலம்பு, புலிக்கரைசல், உலுந்து, மிலகாய். சித்தி பேசும்போது ழகரம் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும், மாடலை மட்டும் குறை சொல்ல முடியாது.

'எடிட்' மெனுவில் 'மல்டிபிள் ரீப்ளேஸ்' இருக்கிறது. இடப்பக்கம் தப்பு, வலப்பக்கம் சரி என்று பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். என்னுடையது 40 வரி வந்தது. போடும்போது முழுச் சொல்லாக, முடிந்தால் இரண்டு சொல்லாகப் போடுங்கள். நான் அவசரத்தில் 'பலம்' என்பதைப் 'பழம்' ஆக்கச் சொல்லிவிட்டேன். வாழைப்பலம் எல்லாம் அழகாக வாழைப்பழம் ஆனது. கூடவே முருங்கைக்கீரை வீடியோவில் "உடம்புக்கு நல்ல பழம்" என்றும் ஆனது. சித்தி அதைப் படித்துவிட்டு, "கீரை எப்படா பழமாச்சு?" என்றார்.

இன்னொன்று. யாரும் பேசாத இடத்தில், மிக்ஸி ஓடும்போதோ எண்ணெய் பொரியும்போதோ, இந்த மாடல் சும்மா இருக்காது. சொல்லாத வரியைத் தானாக எழுதும், இல்லையென்றால் ஒரே வரியைப் பத்து இருபது தடவை அடுக்கும். அடுத்தடுத்து ஒரே வரி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிடலாம். அளவுகளை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். 'அரை ஸ்பூன்', 'ஆறு ஸ்பூன்' ஆகிவிட்டால் பெருங்காயம் என்ன கதி! ஒவ்வொரு அளவையும் வீடியோவில் கேட்டு சரிபார்த்தேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை போனது.

5. வெறும் எழுத்தாக மாற்றுதல்

'டூல்ஸ்' மெனுவில் 'பேட்ச் கன்வெர்ட்'. எல்லா எஸ்ஆர்டி ஃபைலையும் இழுத்துப் போடுங்கள். ஃபார்மேட் 'பிளெய்ன் டெக்ஸ்ட்', என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) 'யுடிஎஃப்-8'. வேறு என்கோடிங்கில் போட்டால் தமிழ் இருக்கும் இடமெல்லாம் கேள்விக்குறியாக நிற்கும். அங்கேயே மல்டிபிள் ரீப்ளேஸுக்கும் டிக் போட்டால் அந்த 40 வரிப் பட்டியல் 62 ஃபைலிலும் ஒரே தட்டில் ஓடிவிடும். அளவு, மிக்ஸி வரி போன்ற கைத்திருத்தங்களை எஸ்ஆர்டியிலேயே செய்துவிட்டு இந்தப் படிக்கு வாருங்கள். இல்லையென்றால் டெக்ஸ்டில் ஒரு தடவை, எஸ்ஆர்டியில் ஒரு தடவை என்று இரட்டை வேலை.

கமா, முற்றுப்புள்ளியெல்லாம் அரைகுறையாகத்தான் இருக்கும், பத்தி பிரிப்பது நம் கையில்.

எஸ்ஆர்டி ஃபைல்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யூடியூப் ஸ்டுடியோவில் அந்தந்த வீடியோவின் சப்டைட்டில் பகுதியில் ஏற்றினால் தமிழ் வசனம் கீழே ஓடும். சித்தி இப்போது புஸ்தகத்தை மறந்துவிட்டு, "வாரம் ரெண்டு ஏத்திவிடுடா" என்கிறார். இதுவரை 14 ஏற்றியிருக்கிறேன்.