முளைக்காத புது நெல்
செபராங் பிறையிலிருந்து மாமா கொண்டுவந்த புது நெல்லை, பட்டர்வொர்த் வீட்டில் முளைப்பாரிக்கு ஊறப்போட்டேன். நான்கு நாளாகியும் நூற்றுக்குப் பத்துகூட முளைக்கவில்லை. "செத்த விதைடா," என்றார் அம்மா. நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது, அழுகல் வாடை இல்லை. சரி, இது விதை உறக்கம்தான்; உயிர் இருந்தும் முளைக்காமல் கிடக்கும் நிலை. அறுத்த புதிதில் விதைக்குள் முளைப்பைத் தடுக்கும் ஹார்மோனான அப்சிசிக் அமிலத்தின் பிடி ஓங்கியிருக்கும். முளைக்கத் தூண்டும் ஹார்மோனான ஜிப்பரெல்லின் தலையெடுத்தால்தான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி சுரக்கும். கோதுமை, பார்லி என்றால் ஈரப்படுத்திச் சில நாள் ஃபிரிட்ஜில் வைத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். நெல்லுக்கு வேண்டியது உலர்ந்த சூடு. மீதி நெல்லைப் பழம் காயவைக்கும் மெஷினில் 50 டிகிரியில் ஐந்து நாள் வைத்தேன் (கரண்ட் பில் பற்றி அப்பாவிடம் மூச்சுவிடவில்லை). அப்புறம் ஊறவைத்தேன். மூன்றாம் நாள் காலை ஈரச் சாக்கைத் தூக்கினால், ஊசிமுனை போல வெள்ளை முளைகள் சாக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தன.