என்சிசி 'சி' தேர்வு: எதை மைதானத்தில் கற்பது, எதை வீட்டில் படிப்பது

தேசிய மாணவர் படையான என்சிசியில் மூன்றாம் வருடத்துக்கு வந்து, அதன் கடைசிச் சான்றிதழான 'சி'க்குத் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "அண்ணா, 'சி' சர்டிபிகேட்டுக்கு பரேடு வகுப்பே போதுமா, இல்ல தனியா உட்கார்ந்து படிக்கணுமா?" இரண்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் எந்தப் பாடத்தை எங்கே கற்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கையும் காலும் பழக வேண்டியதை அறைக்குள் புத்தகம் வைத்துப் படிக்கிறார்கள். தானே படித்துவிடக்கூடியதை, வகுப்பில் யாராவது நோட்ஸ் சொல்லுவார்கள் என்று காத்திருக்கிறார்கள்.

ராணுவப் பிரிவில் மொத்தம் 500 மதிப்பெண். டிரில் (அணிவகுப்புப் பயிற்சி) 90, ஆயுதப் பயிற்சி 60, பொதுப் பாடங்கள் 200, சிறப்புப் பாடம் 150. இந்தக் கணக்கைப் பார்த்ததும் "எழுத்துத் தேர்வுதான் பெரிசு, டிரில் எப்படியும் வந்துடும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது.

முதலில் டிரில். வீடியோ பார்த்து டிரில் பழகுவதுதான் இப்போது நான் அதிகம் பார்க்கும் தவறு. திரையில் நிற்பவர் உங்களைப் பார்த்து நிற்கிறார். அவருடைய வலது உங்களுக்கு இடது பக்கம் தெரியும். அதை அப்படியே பழகிவிட்டு வரிசையில் வந்து நின்றால், 'தாஹினே முட்' (வலப்பக்கம் திரும்பு) என்று கேட்டதும் உடம்பு ஒரு கணம் தயங்கும். அந்த ஒரு கணம் போதும், தேர்வு நடத்துபவர் கண்ணில் பட்டுவிடும். கட்டளைகள் இந்தியில் இருப்பதால் நம் பிள்ளைகளில் பலர் அவற்றை வெறும் ஓசையாக மனப்பாடம் செய்கிறார்கள். 'பாயே' என்றால் இடது, 'பீச்சே' என்றால் பின்னால் என்று பொருளோடு ஒருமுறை உட்கார்ந்து படித்துவிட்டால் தடுமாற்றம் பாதி குறையும். இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் கட்டளை கொடுக்கும் குரல் வீட்டில் வராது. பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று மெல்லச் சொல்லிப் பழகியவன், மைதானத்தில் முப்பது பேருக்கு முன்னால் நிற்கும்போது தொண்டையிலிருந்து கத்துவான், அடிவயிற்றிலிருந்து குரல் எழாது. எந்தக் கால் தரையில் படும்போது கட்டளை முடிய வேண்டும் என்பதும், ஒரு பிளாட்டூன், அதாவது ஓர் அணி, உங்கள் எதிரே நடந்தால்தான் பிடிபடும்.

சிறப்புப் பாடத்தில் வரும் மேப் ரீடிங்கை, அதாவது வரைபடம் படிப்பதை, பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புத்தகத்தில் படித்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், கையில் வரைபடம் வந்ததும் எல்லாம் கலையும் பாடம் இது.

ஒரு கேம்பில் நடந்ததைச் சொல்கிறேன். வேப்பமரத்தடியில் வரைபடத்தை விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்திருந்தோம். ஒரு பெண்ணிடம், ஒரு கோயில் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆறு இலக்கக் குறியீட்டை (கிழக்குக்கு மூன்று எண், வடக்குக்கு மூன்று எண்) சொல்லச் சொன்னேன். அந்தப் பெண் நன்றாகப் படிப்பவள், கைடு முழுக்க மஞ்சள் கோடு போட்டவள். எண்களைச் சரியாகத்தான் எடுத்தாள், ஆனால் வடக்கு எண்ணை முதலில் சொல்லிவிட்டாள். 345678 என்று வர வேண்டியது 678345 ஆனது. அந்த எண்ணை வைத்துத் தேடினால் வரைபடத்திலேயே அப்படி ஓர் இடம் இல்லை. "கிழக்கு முதல்ல, வடக்கு அப்புறம்னு எனக்குத் தெரியுமே சார்" என்றாள். தெரியும்தான், விரல் பழகவில்லை. அன்றிலிருந்து எல்லோருக்கும் இதைச் சொல்லித் தருகிறேன்: அகரவரிசையில் 'க' முன்னால், 'வ' பின்னால். கிழக்கு, அப்புறம் வடக்கு.

அதே நாள் இன்னொருவன் பிரிஸ்மாட்டிக் காம்பஸ் என்ற திசைகாட்டியை வைத்து, தூரத்துத் தண்ணீர்த் தொட்டி வடக்கிலிருந்து எத்தனை டிகிரியில் இருக்கிறது என்ற கோணத்தை எடுத்தான். இரண்டு முறை எடுத்தான், இரண்டு முறையும் வேறு வேறு எண். காம்பஸைக் கண்ணருகே பிடித்திருந்த இடத்துக்கு நேர் கீழே, சட்டைப் பையில் செல்போன். அதை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி பார்த்ததும் டயல் ஒரே இடத்தில் நின்றது. இரும்புப் பொருளைத் தள்ளி வைக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது, அவனும் படித்திருக்கிறான். ஆனால் தன் பையில் இருக்கும் போனும் அந்தக் கணக்கில் சேரும் என்பது அவனுக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

இந்தப் பாடத்திலும் வீட்டில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. பின்கோணக் கணக்கு, அதாவது அந்த இடத்திலிருந்து உங்களைத் திரும்பிப் பார்த்தால் வரும் கோணம், அப்படித்தான்: கோணம் 180-க்குக் குறைவென்றால் 180 கூட்டு, அதிகமென்றால் கழி. 70 என்றால் 250, 230 என்றால் 50. தினமும் பத்துக் கணக்கு போட்டாலே போதும். வரைபடக் குறிகளையும் எழுதி வரைந்து பழகலாம். இவற்றை வகுப்பில்தான் கற்பேன் என்று வந்து உட்கார்ந்தால், வரைபடத்தைத் தொடும் நேரம் உங்களுக்குக் கிடைக்காது.

தூரம் கணிப்பதும் இதே ரகம்தான். அதில் 'செக்‌ஷன் ஆவரேஜ்' என்று ஒரு முறை உண்டு. ஒவ்வொருவரும் தன் கணிப்பைச் சொல்ல, எல்லாவற்றின் சராசரியையும் எடுப்பார்கள். தனியாகப் படிப்பவருக்கு இதைப் பழக வழியே இல்லை. வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்தால் பொருள் கிட்டத்தில் தெரியும், நிழலில் இருந்தால் எட்டத்தில் தெரியும் என்பதையும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அதே மரத்தைப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

ஆயுதப் பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை. பாகங்களின் பெயர், பாதுகாப்பு விதிகள் எல்லாவற்றையும் முந்தின நாளே படித்துவிட்டு வாருங்கள். ரைபிளைக் கையில் எடுப்பது உஸ்தாத் (பயிற்சி தரும் ராணுவ வீரர்) பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான். இதில் சலுகை கிடையாது. ராணுவத்திலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் எதிரே நிற்கும் பொன்னான நேரத்தில், அவரை நோட்ஸ் சொல்லவைத்து எழுதிக்கொண்டிருக்கும் வகுப்புகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

சரி, பொதுப் பாடங்கள். 200 மதிப்பெண்ணும் பெரும்பாலும் தானே படித்து எடுக்க வேண்டியது. இதில் நடக்கும் தவறு, சீனியர் கொடுத்த பழைய கைடை மட்டும் நம்புவது. பாடத்திட்டமும் மதிப்பெண் பங்கீடும் இடையில் மாறியிருக்கும். இந்த வருடத்துக்கு எது என்று யூனிட்டில் கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட வேண்டும். கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், என்சிசி தலைமையகமே கேடட்டுகளுக்கு ஒரு பயிற்சிச் செயலியை வெளியிட்டது. செயலி பாடத்தைக் கொண்டுவந்து கொடுக்கும், படித்ததை உங்கள் ஊரோடு சேர்த்துப் பார்ப்பது உங்கள் வேலை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 என்று வறட்டு வரியாகப் படித்தால் மறந்துபோகும். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் கரையில் நடந்ததை நினைத்துக்கொண்டு படித்தால், அந்தச் சட்டம் ஏன் அடுத்த வருடமே வந்தது என்பது தானாக மனதில் நிற்கும். முதலுதவியையும் வெறுமனே வாசிக்காதீர்கள். வீட்டில் ஒரு பழைய வேட்டித் துணியை முக்கோணமாகக் கிழித்து, தம்பியின் கையில் தூளிக்கட்டு போட்டுப் பாருங்கள். முடிச்சு கழுத்தெலும்பில் உறுத்துகிறதா என்று அவனே சொல்லுவான்.

இத்தனையும் எதற்கு என்றால், 'சி' சான்றிதழ் பலருக்கு ராணுவ அதிகாரி ஆவதற்கு ஒரு வாசல். குறைந்தது 'பி' கிரேடோடு தேறிய பட்டதாரிகள், மற்றத் தகுதிகளும் இருந்தால், அதிகாரிப் பணிக்கான சிடிஎஸ் எழுத்துத் தேர்வு இல்லாமலே என்சிசி சிறப்பு நுழைவில் எஸ்எஸ்பி (அதிகாரிகளைத் தேர்வு செய்யும் வாரியம்) நேர்காணலுக்குப் போகலாம். அதில் தேர்வாகிறவர்கள் பயிற்சி எடுக்கும் அகாடமிகளில் ஒன்று நம் பரங்கிமலையில்தான் இருக்கிறது. எஸ்எஸ்பியில் மூன்று நிமிடம் தயார் செய்து மூன்று நிமிடம் பேசச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. மனப்பாடம் செய்து 'ஏ' கிரேடு வாங்கிய பிள்ளைகள் அங்கே ஒரு நிமிடத்தில் பேச்சு வற்றி நிற்பதைக் கேள்விப்படும்போது வருத்தமாக இருக்கிறது.

அதனால் படித்த பாடத்தை வாரம் ஒரு முறையாவது முதல் வருடப் பிள்ளைகளுக்கு நடத்துங்கள். யூனிட்டில் சொன்னால் பதினைந்து நிமிடம் தருவார்கள். அவர்கள் "ஏண்ணா?" என்று கேட்கும் இடத்தில் உங்களால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், அந்தப் பக்கத்தை இரவில் மறுபடி திறங்கள். அப்போதும் புரியாததைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த பரேடு கலைந்ததும் உஸ்தாதிடம் போய் நில்லுங்கள்.