ஏசிக்குள்ளால தண்ணி ஒழுகுதா? கச்சான் காத்துக்கு முதல் வீட்டிலயே செய்யுற சேர்விஸ்

போன வருசம் ஆடி மாசம், கச்சான் அனலா வீசுற நேரம், மட்டக்களப்புக் கல்லடில எங்கட வீட்டு ஏசில இருந்து தண்ணி சொட்டத் தொடங்கிட்டு. நேர கீழ அம்மாட கட்டில். முதல் நாள் பேசன் வச்சுச் சமாளிச்சம், மூணாம் நாள் மெத்தையே நனைஞ்சு போச்சு. கூப்பிட்டு வந்த ஆள் கேஸ் குறைஞ்சிட்டு எண்டு சொல்லி கேஸ் அடிச்சு காசும் வாங்கிட்டுப் போனார், அண்டிரவே திரும்பச் சொட்டிச்சு. மறுகா நானே மூடியக் கழட்டி டோச் அடிச்சுப் பாத்தாத்தான் தெரியுது, தண்ணி வெளிய போற பைப் அடைச்சுக் கிடக்கு. அண்டைல இருந்து இந்த வேலைய நானேதான் செய்யுறன், சுவத்துல மாட்டுற ஸ்பிளிட் ஏசி வச்சிருக்கிற ஆரும் செய்யலாம்.

முதல்ல எப்ப செய்யுறது எண்டு சொல்றன். நம்மட ஊருக்கு ரெண்டு காத்து. மாரில வாடை கடல் பக்கத்தால வரும், வரக்குள்ள உப்பையும் கொண்டு வந்து வெளி யூனிட்டுல அப்பிட்டுப் போகும். கச்சான் தரைப் பக்கத்தால வரும், அது புழுதியக் கொண்டு வந்து பில்டர அடைக்கும். அதனால தைப்பொங்கல் முடிஞ்சு மழை விட்ட கையோட வெளி யூனிட், சித்திரை வருசப் பிறப்புக்கு முதல் உள் யூனிட். கச்சான் காலத்துல பில்டர மட்டும் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா கழுவுங்க.

1. கரண்ட். ரிமோட்டுல நிப்பாட்டினாப் போதாது, ஏசிக்குரிய பிறேக்கரையும் கீழ இறக்குங்க. வெளி யூனிட்டுட மூடிய மட்டும் கழட்டவே வேணாம், உள்ளுக்க இருக்கிற கெப்பாசிட்டர் கரண்ட் நிப்பாட்டின பிறகும் அடிக்கும்.

2. பில்டர். கழட்டி, சவுக்காரத் தண்ணில அலசி, நிழல்ல காயப் போடுங்க. வெயில்ல போட்டா பிளாஸ்டிக் வளைஞ்சிரும், மறுகா சரியாப் பொருந்தாது.

3. உள் கொயில். பில்டருக்குப் பின்னால மெல்லிய அலுமினியத் தகடு நெருக்கமா அடுக்கி இருக்கும். அதுக்கு நான் பாவிக்கிறது பெயின்ட் அடிக்கிற 2 அங்குல மெத்தெண்டு இருக்கிற பிறஸ், மேல இருந்து கீழ மட்டும் இழுக்கணும், குறுக்கால இழுத்தா தகடு மடங்கிரும். கம்பிப் பிறஸ் பக்கமே போகாதீங்க. டப்பால வாற நுரை கிளீனர விட தண்ணி ஸ்பிறே போத்தல்தான் எனக்குப் பிடிக்கும், ஊத்தையும் நல்லாப் போகுது செலவும் இல்ல.

4. தண்ணி போற பைப். என்னப் படுத்தின இடம் இதுதான், ஆறுதலா வாசிங்க.

நம்மட பக்கம் ஒரு பக்கம் கடல் மறுபக்கம் வாவி, காத்துல எப்பயும் ஈரம். அந்த ஈரம் குளிர்ந்த கொயில்ல பட்டுத் தண்ணியாகி கீழ உள்ள தட்டுல விழுந்து, ஒரு ஓரத்து ஓட்டையால ஹோசுக்குப் போய், சுவரத் தாண்டி வெளிய வரும். புழுதியும் ஈரமும் சேந்து தட்டுல கொழகொழ எண்டு ஒரு பாசி பிடிக்கும். அந்தப் பாசி ஓட்டைல வந்து நிண்டா தண்ணி தட்டு நிறைஞ்சு அறைக்குள்ள வழியும்.

சோதிக்கிறது லேசு. ஒரு கப் தண்ணிய தட்டுல மெதுவா ஊத்துங்க, ஒரு ஆள வெளியால பைப் வாய்க்குக் கிட்ட நிப்பாட்டுங்க. உடன வழிஞ்சு வந்தா பைப் நல்லா இருக்கு. வராட்டி வெளி வாயில இருந்துதான் தொடங்கணும். எங்கட பைப் வாயில குளவி ஒண்டு மண்ணால கூடு கட்டி வச்சிருந்த, விரல் நுனியளவு மண் உருண்டை, அதுக்குப் பின்னால கறுப்புப் பாசி அஞ்சாறு அங்குலத்துக்கு வெத்திலைச் சாறு மாதிரித் தடிச்சு நிண்டிச்சு.

நான் முதல் செய்த பிழை, சைக்கிள் பம்ப வெளி வாயில வச்சுக் காத்தடிச்சது. ஊத்தை முழுக்க உள்ளுக்க பாஞ்சு சுவர், கட்டில், திரைச்சீலை எல்லாம் நாசம். ஊதக் கூடாது, வெளியால இழுக்கணும். தண்ணி இழுக்கிற வெக்கியூம் இருந்தா பைப் வாயில வச்சு துணியால சுத்தி இறுக்கிப் பிடிச்சு ரெண்டு நிமிசம் போடுங்க. இல்லாட்டி தடிச்ச தங்கூசி (மீன் பிடிக்கிற நைலோன் நூல்) ஒரு மூணு மீட்டர் வாங்கி வெளிப்பக்கத்தால மெல்லத் தள்ளித் தள்ளி எடுங்க, நான் அதத்தான் பாவிச்சன். இரும்புக் கம்பி ஹோசக் குத்திக் கிழிச்சிரும், சுவருக்குள்ள கிழிஞ்சா கண்டுபிடிக்கவும் ஏலாது. அடைப்பு எடுத்த பிறகு பாதி வெள்ளை வினாகிரி பாதி தண்ணி கலந்து ஒரு கப் ஊத்தி, அரை மணித்தியாலம் கழிச்சு நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க. கக்கூஸ் கழுவுற மருந்து வேணாம், உலோகத்தத் திண்டிரும்.

இன்னொண்டு, வாற தண்ணியப் பிடிக்க பைப் நுனிய போத்தலுக்குள்ள விட்டு வைக்கிற பழக்கம் நம்மட ஆக்களுக்கு இருக்கு. போத்தல் நிறைஞ்சு நுனி தண்ணில முங்கினா காத்து வெளிய வர வழியில்லாம தண்ணி இறங்காது. வாளி வைங்க, நுனி தண்ணில படாம இருக்கட்டும்.

5. வெளி யூனிட். ஹோசால மெல்லிசா தண்ணி அடிச்சு உப்பப் போக்குங்க. கடலுக்குக் கிட்ட கிணத்துத் தண்ணி உவரா இருந்தா அதப் பாவிக்க வேணாம், குழாய்த் தண்ணியே நல்லம். பிரசர் வொசர் தகட்ட நசுக்கிரும். மாரிக்கு பொலித்தீன் சுத்திக் கட்டவும் வேணாம், உள்ளுக்க ஈரம் நிண்டு துருப் பிடிக்கும்.

பிறகு சேர்த்தது: அக்கரைப்பற்றுல இருந்து ஒரு அக்கா, கொயில்ல ஐஸ் கட்டுது எண்டு கேட்டா. பில்டர் அடைச்சாலும் ஐஸ் கட்டும், கேஸ் குறைஞ்சாலும் கட்டும். பேன் மட்டும் போட்டு ஐஸ உருக விட்டு, பில்டரக் கழுவிட்டுப் பாருங்க. அப்பயும் கட்டினா எங்கயோ லீக். கேஸ் மூடின பைப்புக்குள்ளயே சுத்துறது, பாவிச்சு முடியுற சாமான் இல்ல, அதனால லீக்கத் தேடி அடைச்சுட்டு அடிக்கச் சொல்லுங்க. புது ஏசி பலதுல உள்ள ஆர் 32 கேஸ் தீப்பிடிக்கக் கூடியது, அது தெரிஞ்ச ஆளுட வேலை.

குளவிக்கு எண்டு பைப் வாயில நுளம்பு வலை கட்டிப் பாத்தன், ஒரு மாசத்துல வலையிலயே பாசி பிடிச்சு அடைச்சிட்டு. கழட்டிட்டன். இப்ப பில்டர் கழுவுற அண்டைக்கு பின்னால போய் அந்த வாயையும் பாத்துட்டு வாறன்.