புது வீட்டு லேமினேட் தரை உப்புகிறதா, எழும்புகிறதா? காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

புது வீட்டுக்குக் குடிபோன மூன்றாவது மாதம் அது. வெறுங்காலோடு கூடத்தைக் கடக்கும்போது காலில் ஏதோ நெருடியது. குனிந்து தடவிப் பார்த்தேன். இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் விளிம்பு லேசாகப் பொருமி, நூல் கனத்துக்கு ஒரு மேடு. அடுத்த வாரம் அதே மாதிரி நான்கு இடங்களில் தெரிந்தது. மாதக் கடைசியில் பால்கனிக் கதவுப் பக்கம் தரையே குடிசைக் கூரை மாதிரி எழும்பி நின்றது. மிதித்தால் அமுங்கும், காலை எடுத்தால் மறுபடி எழும்பும். தரை போட்டவரைக் கேட்டால், "தண்ணி ஊத்தித் துடைச்சிருப்பீங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நாங்கள் பெருக்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

அந்தத் தரையை நானே பிரித்துப் பார்த்தேன். அப்புறம் உறவினர் வீடுகளிலும் இரண்டு மூன்று தரைகளைப் பிரித்துப் போட உதவினேன். அதில் எனக்கு உறுதியாகப் புரிந்தது இது: லேமினேட் தரையை நாம் மேலிருந்து பார்க்கிறோம், ஆனால் அது பெரும்பாலும் அடியிலிருந்தும் ஓரங்களிலிருந்தும்தான் கெடுகிறது. எனவே தேடலையும் அங்கே தொடங்க வேண்டும். இதுவரை ஒரு பலகையைக்கூடத் தொட்டுப் பார்க்காதவர்களும் செய்து பார்க்கிற மாதிரி, வரிசையாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: பலகைக்குள் என்ன இருக்கிறது?

லேமினேட் பலகை மரம் மாதிரி தெரிந்தாலும் அது நான்கு அடுக்குகள் சேர்ந்த பொருள். மேலே மெலமின் பிசினில் ஊறிய மெல்லிய தாள். அதில் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் கலந்திருக்கும். அதன் கீழ் மரத்தின் படம் அச்சடித்த தாள். நடுவில் எச்.டி.எஃப். எனப்படும், மரநாரை அழுத்திச் செய்த பலகை. அடியில், பலகை வளையாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு தாள். எல்லாம் சேர்ந்து 6 முதல் 12 மி.மீ. கனம் வரும்.

மேல்பரப்பு நல்ல கெட்டி. மேசை, சமையல் மேடைகளுக்கு ஒட்டும் லேமினேட் தயாரித்து வந்த ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம்தான், அதே கெட்டிப் பரப்பைத் தரைக்குக் கொண்டுவரும் யோசனையை 1977-இல் முன்வைத்தது. ஆனால் பலகையின் நான்கு பக்கங்களையும் பாருங்கள். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் கிளிக் பூட்டு அந்த மரநாரில்தான் வெட்டப்பட்டிருக்கும். தண்ணீர் அந்த வழியாக உள்ளே போனால் நார் ஊறிப் பருக்கும். காய்ந்த பிறகும் பழைய கனத்துக்கு முழுதாகத் திரும்பாது. பொருமிய விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தேய்த்தால் படத்தாள் போய்விடும்.

இன்னொரு விஷயம், இந்தத் தரை தளத்தோடு ஒட்டப்படுவதில்லை. மேலே வைக்கப்பட்டு மிதக்கிறது. காற்றில் ஈரப்பதம் கூடினால் அறை முழுக்க ஒரே தட்டாக விரியும், குறைந்தால் சுருங்கும். அதற்கு இடம் கொடுத்தாக வேண்டும்.

படி 1: எதையும் கழற்றாமல் பாருங்கள்

ஒரு தாளில் அறையின் வடிவத்தை வரைந்து, கோளாறு உள்ள இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். பத்து நிமிட வேலைதான், ஆனால் பாதிக் காரணம் இதிலேயே தெரிந்துவிடும்.

விளிம்பு பொருமியிருப்பது தண்ணீர்க் குழாய், செடித்தொட்டி, பால்கனிக் கதவு போன்ற ஓரிரு இடங்களில் மட்டும் என்றால், மேலிருந்து தண்ணீர் இறங்கியிருக்கிறது. அறை முழுக்கப் பல இணைப்புகள் ஒரே மாதிரி எழும்பியிருந்தால் அடியிலிருந்து ஓதம் ஏறுகிறது என்று சந்தேகப்படுங்கள். விளிம்பு பொருமாமல், இரண்டு மூன்று வரிசைகள் சேர்ந்து கூரை மாதிரி எழும்பியிருந்தால் தரை எங்கோ சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறது. நடக்கும்போது கறக் கறக்கென்று சத்தம் வந்தால், அல்லது பலகை அமுங்கினால், அடித்தளம் மட்டமாக இல்லை. பலகைகளுக்கு நடுவே கறுப்புக் கோடாக இடைவெளி விழுந்தால் காற்று மிகவும் வறண்டிருக்கலாம், பூட்டு உடைந்திருக்கலாம், கனமான எதுவோ ஒரு பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கவும் கூடும்.

பலகைக்கு உத்தரவாதம் உண்டென்றால் இப்போதே தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டையும் தேடி எடுங்கள். தொகுதி எண் அதில்தான் இருக்கும். முதலில் தகவல் சொல்லிவிட்டு, பிறகு பிரியுங்கள். பிரித்த பின் சொன்னால் உங்கள் கைமேல் பழி விழும்.

படி 2: ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி ஓரத்தைப் பாருங்கள்

எனக்குப் பிடித்த படி இதுதான். மிகச் சின்ன வேலை, பல நேரம் முழுத் தீர்வும் இதிலேயே கிடைத்துவிடும்.

கோளாறுக்கு நேர் எதிரே இருக்கும் சுவரிலிருந்து தொடங்குங்கள். தட்டையான உளியையோ பட்டிக் கத்தியையோ ஸ்கர்ட்டிங்குக்கு (சுவரடியில் ஓடும் பட்டை) பின்னால் செருகி, சுவர் பக்கம் ஒரு மரத்துண்டை வைத்து மெதுவாக நெம்புங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே 8 முதல் 10 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். அறையின் அகலத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒவ்வொரு பக்கமும் 1.5 மி.மீ. என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அகலம் 5 மீட்டர் என்றால் பக்கத்துக்கு ஏறக்குறைய 8 மி.மீ. என் வீட்டில் ஒரு பக்கம் 10 மி.மீ. இருந்தது. எதிர்ப்பக்கம் பலகை சுவரில் பதிந்தே நின்றது. போடும்போது ஓரத்தில் வைத்த ஆப்புத் துண்டுகளில் இரண்டையும் எடுக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள்.

சுவரை விட்டால் முட்டுகிற இடம் கதவு நிலை. நிலையின் அடியை வெட்டிப் பலகையை உள்ளே நுழைக்காமல், நிலையை ஒட்டி இறுக்கமாகப் பலகையை வெட்டிவிடுவது வழக்கமான தவறு. கதவு சுவரில் இடிக்காமல் இருக்கத் தரையில் திருகும் தடுப்புக் குமிழையும் பாருங்கள். பலகையைத் துளைத்துத் தளத்தில் திருகியிருந்தால் அந்த ஒரு திருகே முழுத் தரையையும் அறைந்து வைத்த மாதிரிதான். பலகை போட்ட பிறகு அதன் மேல் நிறுத்திய சமையலறை அலமாரிகளும் இதே வேலையைச் செய்யும். வெப்பக் குழாய், தண்ணீர்க் குழாய் துளைகளையும் மறக்காதீர்கள்; குழாயைச் சுற்றியும் அதே இடைவெளி வேண்டும்.

முட்டும் இடம் கிடைத்ததா? சுவரோரம் தேவையான அகலத்துக்குக் கோடு போட்டு, கையில் பிடிக்கும் அலைவு ரம்பத்தால் வெட்டி எடுங்கள். கண்ணாடியும் தூசு முகமூடியும் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். வெட்டியதும் எழும்பிய இடத்தின் மேல் ஏறி நின்று அழுத்தாதீர்கள், பூட்டு உடையும். தானாக இறங்க இரண்டு மூன்று நாள் விடுங்கள். என் வீட்டில் கூரை மாதிரி எழும்பிய தரை ஒரே இரவில் படுத்துவிட்டது.

ஸ்கர்ட்டிங்கைத் திரும்பப் பொருத்தும்போது ஆணி சுவரில் இறங்க வேண்டும், பலகையில் இறங்கக் கூடாது. அறை 8, 10 மீட்டருக்கு மேல் நீண்டால், அல்லது தரை ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்கு நிற்காமல் ஓடினால், கதவு வாசலில் தரையை வெட்டி இடைவெளி விட்டு, அதை மூட டி வடிவப் பட்டை வைப்பது நல்லது. பார்க்க அழகில்லை என்று பலர் வேண்டாம் என்கிறார்கள். வைத்தே ஆகுங்கள்.

படி 3: அடியில் ஓதம் இருக்கிறதா?

புது வீடுகளுக்கே உரிய சிக்கல் இது. புதுத் தளமும் புதுப் பூச்சும் மாதக்கணக்கில் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் பூச்சு நல்ல காற்றோட்டத்தில் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. ஆழம் காயும் என்பது கட்டுமானக்காரர்களின் கணக்கு, 50 மி.மீ. பூச்சுக்கே 50 நாளாகும், அதற்கு மேல் கனம் போனால் வேகம் இன்னும் குறையும். சாவி கைக்கு வரும் தேதிக்காக எல்லா வேலையும் அவசர அவசரமாக முடியும்போது, இந்தக் காத்திருப்பைத்தான் முதலில் பலி கொடுக்கிறார்கள்.

ஓரத்தில் இரண்டு மூன்று வரிசைகளைக் கழற்றித் தளத்தைத் திறந்து பாருங்கள். 45 செ.மீ. சதுரத்துக்குத் தெளிவான பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப்பால் அடைத்து ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது உள்ளே நீர்த்துளி இருந்தாலோ, தளம் அந்தச் சதுரத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ ஓதம் உறுதி. ஆனால் காய்ந்திருப்பதாலேயே எல்லாம் சரி என்று நினைத்துவிட வேண்டாம். இந்தச் சோதனை அதிக ஈரத்தைத்தான் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் தீராவிட்டால் தளத்திலிருந்து சிறிது பொடி எடுத்துக் கார்பைடு முறையில் ஈரத்தை அளப்பவரைக் கூப்பிடுங்கள். சிமென்ட் பூச்சில் ஈரம் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

ஈரம் இருந்தால் ஒரே வழி, தரையை முழுதாக எடுத்துக் காயவிடுவதுதான். இதைப் படிக்கும்போது மனம் சோர்ந்துபோகும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பலகைகளைக் கவனமாகக் கழற்றினால் நல்லவற்றை மறுபடி போடலாம். ஒவ்வொரு பலகையின் அடியிலும் வரிசை எண், இட எண் எழுதி டேப் ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். தளம் காய்ந்த பின் 0.2 மி.மீ. பாலித்தீன் விரிப்பு, ஒன்றன் மேல் ஒன்று 20 செ.மீ. ஏறும்படி, இணைப்பில் டேப் ஒட்டி, சுவரில் சற்று மேலேறும்படி விரியுங்கள். அதன் மேல் அண்டர்லே, அதாவது பலகைக்கு அடியில் போடும் மெல்லிய மெத்தை விரிப்பு. மிச்சமிருக்கும் சிறிதளவு ஓதத்தைத் தடுக்கத்தான் இந்தப் பாலித்தீன் விரிப்பு. ஈரத் தளத்தை மூடி மறைக்க அல்ல.

குளியலறைச் சுவரை ஒட்டிய பகுதி மட்டும் ஈரமாக இருந்தால் குழாய்க் கசிவைத் தேடுங்கள். அதைச் சரிசெய்யாமல் பலகையில் கை வைப்பது வீண்.

படி 4: மட்டம் பாருங்கள்

2 மீட்டர் நீள நேரான அலுமினியக் கட்டையைத் தளத்தில் வைத்துப் பல திசைகளில் திருப்புங்கள். அடியில் 3 மி.மீ.-க்கு மேல் இடுக்கு தெரிந்தால் பள்ளத்தைச் சமன்செய்யும் கலவையால் நிரப்ப வேண்டும், மேட்டைத் தேய்க்க வேண்டும். கலவை காயும்வரை பொறுங்கள், அதுவும் ஈரம்தான்.

பள்ளத்தை மறைக்க இரண்டு அடுக்கு அண்டர்லே போடுவதைப் பார்த்திருக்கிறேன். காலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் பலகை வளைந்து பூட்டின் நாக்கு தேயும், கடைசியில் உடையும். 2, 3 மி.மீ. கனத்தில் கெட்டியான அண்டர்லே ஒன்று போதும்.

படி 5: மேல்பரப்புக்குச் செய்ய வேண்டியவை

பெட்டியில் ஏ.சி.3, ஏ.சி.4 என்று ஒரு குறி இருக்கும். ஐரோப்பியத் தரப்படி மேல்பரப்பு தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண் அது. குழந்தைகள் ஓடும் வீட்டுக்கு ஏ.சி.4 எடுத்தால் நிம்மதி. ஆனால் எண் எவ்வளவு கூடினாலும் விளிம்பில் இறங்கும் தண்ணீருக்கு அது பதில் சொல்லாது.

கீறல்களுக்குப் பெரும்பாலும் காரணம் செருப்பில் வரும் மணல். வாசலில் நல்ல மிதியடி போடுங்கள், நாற்காலிக் கால்களில் ஃபெல்ட் துண்டு ஒட்டுங்கள், சக்கர நாற்காலிகளுக்கு மென்மையான சக்கரம் மாற்றுங்கள். துடைக்கும் துணியைச் சொட்டு விழாதபடி பிழிந்து பயன்படுத்துங்கள். நீராவி மாப் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டோடு ஈரத்தை இணைப்புக்குள் தள்ளும். தரை மங்கலாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது சோப்புப் படலம், தேய்மானம் அல்ல.

படி 6: பொருமிய பலகையை மாற்றுங்கள்

காரணத்தைச் சரிசெய்த பிறகுதான் இந்தப் படி. புதுப் பலகைப் பெட்டியைத் திறக்காமல் அதே அறையில் 48 மணி நேரம் படுக்கவைத்து விடுங்கள்.

பலகை ஓரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஸ்கர்ட்டிங்கை எடுத்து, கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி வாருங்கள். பெரும்பாலான பூட்டுகளில் நீளப் பக்கத்தை 20, 30 டிகிரி சாய்வாகத் தூக்கினால் விடுபடும்; இழுத்துப் பறிக்க வேண்டாம். திரும்பப் போடும்போது அடுத்தடுத்த வரிசைகளின் குறுக்கு இணைப்புகள் குறைந்தது 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும். சுத்தியலால் நேராகத் தட்டாமல் நடுவில் தட்டுக்கட்டை வையுங்கள்.

அறையின் நடுவில் ஒரே ஒரு பலகை என்றால், விளிம்பிலிருந்து உள்தள்ளி வட்ட ரம்பத்தால் வெட்டி எடுத்து, புதியதன் பூட்டுப் பல்லைச் சீவி, பசை வைத்து இறக்க வேண்டும். ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்குச் சரியாக வைக்காவிட்டால் பாலித்தீன் விரிப்பு கிழியும். முதல்முறை செய்பவர்கள் இதைப் பழகியவரிடம் விடுவது நல்லது.

அதே பலகை கடையில் கிடைக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். கட்டிலுக்கோ பெரிய அலமாரிக்கோ அடியில் இருக்கும் நல்ல பலகையை எடுத்து, பொருமிய இடத்தில் போடுங்கள். காலியான இடத்துக்குக் கனமும் பூட்டும் ஒத்துப்போகும் பலகையாக இருந்தால் போதும், நிறம் சற்று மாறினாலும் பரவாயில்லை. என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இன்றும் மூன்று பலகைகள் வேறு நிறம்தான்.